மோர்த்தூக்கு தேர்ந்தெடுத்த பிக்கப்

எங்கள் அப்பா அதுவரை வாங்கிய வண்டி வாகனங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு மாடுகள் இருந்தன. அதனால் பிக்கப் வாங்குவதென்று முடிவானபோது அவர் முதலில் ஆள் அனுப்பியது மெக்கானிக்குக்கு அல்ல, மாட்டுத் தரகருக்கு. எனக்கு அப்போது இருபது வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை வீட்டிலிருப்பவர்களைக் குறை சொல்வதையே வேலையாக வைத்திருந்தேன். தரகர் வந்து முதல் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நடக்க வுடுங்க, நடையப் பாக்கலாம்" என்றதும் நான் சிரித்த சிரிப்புக்கு அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

கள்ளக்குறிச்சிக்கும் வடக்கனந்தலுக்கும் நடுவில் எங்கள் ஊர். கரும்பும் நெல்லும்தான் பிழைப்பு. எண்பதுகளின் கடைசி அது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. இன்று பஸ் ஓடுமா ஓடாதா என்பதைக் காலையில் ரோட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிரிக்க முடியாத நாட்களும் அந்த வருஷங்களில் இருந்தன. ஆனால் நான் சொல்லவந்தது வண்டியைப் பற்றி.

வண்டி எதற்கென்றால், அம்மாவின் இடுப்புக்கு. என் அக்கா கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் டீச்சராக இருந்தாள். அத்தானும் அங்கேயே டீச்சர். அக்காவைப் பார்க்க அம்மா ஒரே ஒரு தடவைதான் பஸ்ஸில் மலையேறினாள். கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவள், திரும்பி வந்து பதினைந்து நாள் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, இன்னொரு முறை இப்படிக் குலுங்கினால் நிமிரவே முடியாமல் போகும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஏழாம் மாதம். அவளுக்கும் உடம்பு சரியில்லாமல், கொஞ்ச நாளைக்கு மலையை விட்டு இறங்க வேண்டாம் என்று உத்தரவு. அவள் இறங்கி வர முடியாது. இவள் ஏறிப் போக முடியாது. தலைப்பிள்ளைக்கு வளைகாப்பு, பெற்றவள் கையால் வளையல் போடாமல் எப்படி? அம்மா அழவெல்லாம் இல்லை. சமையல் செய்துகொண்டே, "எம் பொண்ணுக்கு நானு வளையல் போட்டாவணும்" என்று ஒரே வாக்கியத்தைத் தினமும் மூன்று வேளை சொன்னாள். நாலாவது நாள் அப்பா, "செரி, குலுங்காத வண்டியா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார்.

லாரி மாதிரி பெரிதாக இருக்கக்கூடாது, வீட்டுச் சந்தில் நுழையாது. மூன்று சக்கரத்தில் சின்னதாக இருந்தால் மலையேறாது. உரமூட்டையும் ஏற்றணும், கல்யாணத்துக்கும் போகணும். நடுவாந்திரமான பிக்கப். அதுதான் தீர்மானம்.

அம்மாவை வைத்து ஓட்டிப் பார்ப்பதற்கில்லை. வண்டி கெட்டதாக இருந்தால் இடுப்பு போய்விடும். இதற்கும் வழி சொன்னது அம்மாதான். பித்தளைத் தூக்கு நிறையக் கழுத்துவரை மோர் ஊற்றி, மூடி போடாமல், சும்மாடு கட்டி முன்சீட்டில் வைக்க வேண்டும். பக்கத்தில் நான் உட்கார வேண்டும். ஆனால் தூக்கைத் தொடக்கூடாது. அண்ணன் கச்சிராயபாளையம் வழியாக அணைக்கட்டுவரை ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு மீதி என்று அம்மா பார்ப்பாள்.

முதல் வண்டி ஒரு குட்டி லாரி. ஏறுவதற்கே நாற்காலி வேண்டும். திரும்பி வந்தபோது தூக்கில் பாதிதான் மிச்சம், மீதி என் புடவையில். அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வெண்ண தெரண்டிருக்குது. கடையற வேல மிச்சம்" என்றாள். இரண்டாவது, பழைய ஜீப்பை வெட்டி யாரோ பிக்கப்பாக மாற்றியது. அணைக்கட்டுவரைகூடப் போகவில்லை. முதல் மதகுப் பாலத்திலேயே தூக்கு கவிழ்ந்தது. அன்றைக்கு நான் புதுப்புடவை கட்டியிருந்தேன். அண்ணனோடு ரோட்டிலேயே சண்டை.

மூன்றாவதை சின்னசேலத்தில் பிடித்தோம். உரக்கடைக்காரர் ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டியது. வெளிர்நீல நிறம், முன்னால் மூன்று பேர் உட்காரலாம், ரெக்ஸின் போட்ட ஸ்பான்ஜ் சீட்டு. கதவுக்குக் கண்ணாடி ஏற்றி இறக்கலாம். முதுகுப் பக்கம் பின்தட்டைப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல். பின்னால் படுதா போட்டு மூடியிருந்தது. தரகர் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து, குனிந்து சக்கரங்களைப் பார்த்து, "நட சுத்தம். தாராளமா புடிக்கலாங்க" என்றார். அணைக்கட்டுக்குப் போய் வந்தோம். சும்மாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அவ்வளவுதான். அம்மா தூக்கையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "நீ புடிச்சியா?" என்றாள். சத்தியம் செய்தேன்.

அப்பா ஊரெல்லாம் சொன்னார். டீக்கடையில், கூட்டுறவுச் சங்கத்தில், கோயிலில், "வூட்ல அவளுக்கு இடுப்பு வலி, அதுக்குன்னே பாத்து வாங்குனது" என்று கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னார். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

வளைகாப்புக்கு முதல்நாள் திருநாவலூரிலிருந்து சம்பந்தி வந்து சேர்ந்தார். அத்தானின் அப்பா. அவர் மனைவி முன்பே மலைக்குப் போய் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை நம்ப முடியாது, நம் வண்டியிலேயே வந்துவிடுகிறேன் என்றார். வராதீங்க என்று யார் சொல்வது? மறுநாள் காலையில் ஐந்து வகைச் சாதம், வளையல் பெட்டி, பூ, பழத்தட்டு எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினோம். அக்கா வீட்டு மோருக்கு ஏங்குகிறாள் என்று அதே பித்தளைத் தூக்கில் மோரும் வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். சம்பந்தி முன்னால் ஏறினார். அவரைத் தனியாக விடக்கூடாதென்று அப்பாவும் முன்னால் ஏறினார். அம்மா பின்பக்கம் போய், சங்கிலியைப் பிடித்து ஏறி, தகரத்தில் ஜமுக்காளத்தைப் போட்டு உட்கார்ந்தாள். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

இப்போது எழுதும்போது கோபம் வருகிறது. அப்பாமேல் அல்ல, என்மேல். அவ்வளவு வாய் பேசியவள், அந்த நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பேசத் தோன்றவே இல்லை. மாட்டுவண்டியிலும் ஆம்பிளைகள் முன்னால், பொம்பளைகள் பின்னால். அந்தப் பழக்கத்தில் எல்லோர் காலும் அதனதன் இடத்துக்குத் தானாகப் போய்விட்டது. மூன்று வண்டியில் மூன்று தடவை மோர் சுமந்து முன்சீட்டைச் சோதித்தோமே, அந்த சீட்டில் அம்மா உட்காரப் போவதே இல்லை என்பது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பின்தட்டில் யாருமே ஒருதரம்கூட ஏறிப் பார்த்திருக்கவில்லை.

ஊரைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் எங்களைத் தூக்கிக் கீழே போட்டது. வாழைப்பழங்கள் சீப்பைவிட்டுக் கழன்றன. நான் ஜன்னலைத் தட்டினேன். முன்னால் பேச்சு மும்முரம், கேட்கவில்லை. "வுடுடி, ஆம்பிளைங்க பேசிக்கினு இருக்காங்க" என்றாள் அம்மா. சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். தூக்கை நான் மடியில் வைத்துப் பார்த்தேன், காலுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் மூடி கழன்று சாய்ந்தது.

மூன்று மைல் போயிருப்போம். ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறியல். அண்ணன் இறங்கிப்போய்ப் பேசினான். நல்லவேளை, அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருவன் அங்கே இருந்தான். வளைகாப்பு என்றதும் அவன் இளகிவிட்டான். மரத்தை நகர்த்த முடியாது, வாய்க்கால் கரைமேல் போகலாம், வழி விடுகிறோம் என்றான். ஆலைக்குக் கரும்பு போகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். படுதாவைத் தூக்கினான்.

"இன்னாம்மா, இங்க ஒக்காந்துக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. மோரு கொட்டிப்போச்சு" என்றாள் அம்மா.

அவன் எங்களைப் பார்த்தான். எட்டி முன்பக்கம் பார்த்தான். அங்கே கண்ணாடிக்குள் இரண்டு பெரியவர்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா, கொஞ்சம் எறங்கி இங்க வாங்க" என்றான்.

அப்பா வந்தார். தகரம் முழுக்க வெள்ளையாக மோர் ஓடிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை அம்மாவின் புடவையில் ஒட்டியிருந்தது. தூக்கை வாங்கிச் சாய்த்து உள்ளே பார்த்தார். அடியில் ஒரு டம்ளர் இருந்திருக்கும். அந்தத் தூக்கு எவ்வளவு கொள்ளும், அணைக்கட்டுக்குப் போய் வந்தபோது எவ்வளவு சிந்தியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் அப்பா வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு முன்பக்கம் போனார். "சம்பந்தி, முன்னால காத்து ஜாஸ்தியா அடிக்குதுங்க. நானு பின்னால வந்துர்றேன்" என்றார்.

சம்பந்தி இறங்கி வந்து ஒருமுறை உள்ளே பார்த்தார். விவரமான மனுஷர். "எனக்குந்தாங்க. செம காத்து. நானும் பின்னாலயே வரேன்" என்றார். முன்பக்கம் இரண்டு கண்ணாடியும் முழுக்க ஏற்றித்தான் இருந்தன.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சம்பந்தியைப் பின்னால் உட்காரவைத்துவிட்டுத் தான் முன்னால் போவதா, ஊர் என்ன சொல்லும் என்றாள். மறியல்காரன்தான் முடித்து வைத்தான். "அம்மா, நீங்க முன்னால ஏறுனா வண்டி போவும். இல்லன்னா எங்களோட இங்கியே இருக்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கி, முன்னால் ஏற்றினோம். பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன்.

வாய்க்கால் கரை குண்டும் குழியுமாக இருந்தது. ஸ்பான்ஜ் சீட்டு அதையெல்லாம் தாங்கிக்கொண்டது. அம்மா முதலில் முதுகை விறைப்பாக வைத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தாள். கரை முடிந்து, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது, "இன்னாடி இது. பின்னால ஒக்காந்தா ரோடு நம்ம வுட்டுட்டுப் போய்க்கினே இருக்கும். இங்க நம்மகிட்ட வந்துக்கினே இருக்குது" என்றாள். ஐம்பது வயதுவரை அவள் எங்கே போனாலும், போகிற இடத்தை வந்து சேர்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறாள்.

ஒவ்வொரு வளைவிலும் திரும்பிச் சின்ன ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டாள். அங்கே இரண்டு வெள்ளை வேட்டிகள் மேலே எழும்பி எழும்பி உட்கார்ந்தன. ஒரு கொண்டை ஊசி வளைவில் சம்பந்தி அப்பாவின் மடியில் விழுந்தார். அண்ணன் மெதுவாகத்தான் ஓட்டினான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. முன்பக்கம் வண்டி குலுங்கவில்லை என்பதை நானே சொல்ல முடியும்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். அம்மா கதவைத் திறந்து, நிமிர்ந்தபடியே இறங்கினாள். அப்பாதான் நிமிரவில்லை. இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி நின்றார். வேட்டியெல்லாம் மோர். அக்காவுக்கு என்ன நடந்ததென்று தெரியாது, தெரியாமலே சிரித்தாள். வளையல் போட்டு முடியும்வரை அம்மா உட்காரவே இல்லை. இரண்டு கைக்கும், ஒவ்வொன்றாக, நின்றுகொண்டே போட்டாள். தூக்கில் மிச்சமிருந்த ஒரு டம்ளர் மோரை அக்கா குடித்துவிட்டு, "இவ்ளோதானா கொணாந்தீங்க?" என்றாள். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

மத்தியானம் புறப்பட்டோம். பஸ் ஓட ஆரம்பித்த பிறகு வருகிறேன் என்று சம்பந்தி மலையிலேயே தங்கிவிட்டார். அவர் எதற்காகத் தங்கினார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, முன்னால் மூன்று பேருக்கு இடம் இருந்தது. அண்ணன், அப்பா, அம்மா என்று கணக்குப் போட்டு, பின்னால் போகவேண்டியவள் நான்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மா அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். வந்தவள் பழக்கத்தில் நேராகப் பின்பக்கம் போய்ச் சங்கிலியில் கை வைத்தாள். உள்ளே ஜமுக்காளத்தின்மேல் அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"இங்க எடமில்ல. நீ முன்னால போ" என்றார்.

அவ்வளவு பெரிய பின்தட்டில் அவரும் அந்தக் காலித் தூக்கும்தான்.