சர்க்கரை வேற, சீனி வேற

டம்ளரோட அடியில பழுப்பா கொஞ்சம் மண்டி நிக்கும்... அந்தக் கடைசி வாயை அப்பா ஒரு சுழட்டு சுழட்டி மடக்குனு குடிப்பார். நாட்டுச்சர்க்கரை போட்ட காப்பி. காலையில ஆறு மணிக்கு எங்க வீடு முழுக்க அந்த வாசனைதான்.

எங்க ஊரு கம்பம் பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர். யாராவது ஒரு சொல்லை மாத்திச் சொன்னா திருத்தாம விட மாட்டார். "பஸ் லேட்டா வந்துருச்சுப்பா"ன்னா, "பஸ்ஸு தானா வராது, டிரைவர் லேட்டா ஓட்டிட்டு வந்தாக"ங்கிற ரகம்.

எனக்கு அப்ப பெரியகுளத்துல ஒரு ஆபீஸ்ல முதல் வேலை. ஹாஸ்டல்ல தங்கி இருந்தேன். சனிக்கிழமை பஸ் பிடிச்சு வந்தா திங்கக்கிழமை காலையில கிளம்பிடுவேன்.

அப்பாவுக்கு சுகர்னு கண்டுபிடிச்சது அந்த வருஷம்தான். தேனியில ஒரு கிளினிக். டாக்டர் மெட்ராஸ்காரர், சின்ன வயசு, ரொம்ப மரியாதை. மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, "சார், இனிமே சர்க்கரையை அறவே விட்டுடணும்"னார்.

அப்பா விட்டுட்டார். அன்னைக்கே டப்பாவோட தூக்கிப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டார். தவக்காலத்துல நாப்பது நாள் கறி மீன் தொடாத மனுஷனுக்கு இது என்ன பெருசு? பொங்கலுக்கு எதிர்வீட்டு அக்கா சர்க்கரைப் பொங்கல் கொண்டாந்தப்ப கும்பிட்டுத் திருப்பிட்டார். அவிச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கைக்கூட, "பேருலயே இருக்கே ஆத்தா"ன்னு என்கிட்ட சொல்லித் தள்ளி வெச்சார். எனக்கு ஒரே பெருமை. ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாளல.

மூணு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை மறுபடி டெஸ்ட். நானும் அம்மாவும் கூடப் போயிருந்தோம்.

சுகர் குறையல... முன்னைவிட ஏறி இருந்துச்சு.

"இப்படியே போனா ஊசிதான் போடணும். சர்க்கரை ஏதும் சேத்துக்கிறீங்களா சார்?"ன்னு டாக்டர் கேட்டார்.

"தொட்டு மூணு மாசம் ஆச்சு டாக்டர்."

அப்பா பொய் சொல்றவர் இல்லன்னு அவர் மூஞ்சியிலேயே எழுதி இருக்கும். டாக்டர் மெதுவா அம்மா பக்கம் திரும்பினார். "வீட்ல நீங்கதானேம்மா சமைக்கிறீங்க?" அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு அது போதும். பஸ்ல வாயை மூடிட்டு வந்தவ, வீட்டுக்குள்ள கால் வெச்சதும் பிடிச்சுக்கிட்டேன். "அப்பாவுக்குத் தெரியாம சர்க்கரையக் கலந்து கொடுக்குற. பாசம்னு நெனச்சு அவரக் கொல்லப் பாக்குறியாம்மா?"

என்ன வார்த்தை அது! இப்ப நினைச்சாலும் கூசுது.

அம்மா மாதா படத்தைப் பாத்தா. "மாதா மேல சத்தியமா, இந்த வீட்டுக்குள்ள சர்க்கரை வந்து மூணு மாசம் ஆச்சுடி."

"அப்ப சுகர் என்ன வானத்துல இருந்தா குதிச்சுச்சு?"

அம்மா எங்களுக்குச் சோத்தை எடுத்து வெச்சுட்டு உள்ள போய்ப் படுத்துட்டா. அப்பா அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தார். அவருக்கும் ஒரு சந்தேகம் விழுந்துடுச்சுன்னு தெரிஞ்சுது. அம்மாவை அவர் சந்தேகப்பட்டு நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. அம்மா அடுப்படிப் பக்கமே வரல. லீவுக்கு வந்தா அடுப்படிய எட்டிக்கூடப் பாக்காதவ, சரி, நானே போடுறேன்னு காப்பி போட்டேன். பால், டிக்காஷன், வேற ஒண்ணும் இல்ல.

அப்பா ஒரு வாய் குடிச்சார். முகம் கோணிப் போச்சு.

"என்ன ஆத்தா, சீனி போட மறந்துட்டியா?"

"சீனியா? டாக்டர் வேணாம்னு சொன்னாகள்ல?"

"அவுக சர்க்கரையத்தானே வேணாம்னாக. சீனியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

எங்க பக்கம் சர்க்கரைன்னா பழுப்பா இருக்கிற நாட்டுச்சர்க்கரை. வெள்ளையா இருக்கிறது சீனி. நோய்க்குப் பேரு சுகர். மெட்ராஸ் டாக்டருக்கு வெள்ளையும் சர்க்கரை, நோயும் சர்க்கரை. அப்பா அவர் சொன்ன சொல்லை அப்படியே பிடிச்சுக்கிட்டு, மூணு மாசமும் சீனிக் காப்பி குடிச்சிருக்கார். அதுவும் "சர்க்கரை அளவுக்கு ருசி பத்தல"ன்னு ஒரு ஸ்பூன் கூடப் போடச் சொல்லி! சர்ச் திருவிழாவுல லட்டு வேற... அது சீனிப்பாகுதானாம்.

நான் மட்டும் லேசுப்பட்டவளா? ஆபீஸ் போற பவுசுல டாக்டர் மாதிரியே அம்மாகிட்டயும் "சர்க்கரை"ன்னுதான் கேட்டேன். சீனின்னு கேட்டிருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும். அம்மா சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல.

அப்பா டம்ளரைக் கீழ வெச்சார். "இத்தன வருசம் பாடம் நடத்தி..."ன்னு ஆரம்பிச்சவர் முடிக்காம எந்திரிச்சு உள்ள போனார். என்ன சொன்னாரோ, கொஞ்ச நேரத்துல அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்குத்தான் உள்ள போக முகம் இல்ல. மன்னிப்புக் கேக்கணும், கேக்கணும்னு நினைச்சு... இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

இப்ப பழனிசெட்டிபட்டியில இருக்கோம். அப்பா, அம்மா எங்களோடதான். எனக்கும் சுகர் வந்தாச்சு. கிச்சன் ஷெல்ஃப்ல என்னென்னமோ வரிசையா நிக்குது. ஜீரோ கலோரி மாத்திரை, ஸ்டீவியா பொடி, பனங்கற்கண்டு, அப்புறம் "இது ஒண்ணும் பண்ணாது"ன்னு என் வீட்டுக்காரர் ஆன்லைன்ல வாங்கின ஆர்கானிக் நாட்டுச்சர்க்கரை. இப்ப பாக்குற டாக்டர்கிட்ட கேட்டா, கடைசி ரெண்டும் சீனிக்குச் சொந்த அண்ணன் தம்பிங்கிறார். ஸ்டீவியாவுக்குத் தமிழ்ல சீனித்துளசின்னு பேருன்னு தெரிஞ்சதுல இருந்து அப்பா அதையும் தொடுறதில்ல. வெறும் காப்பிதான். சுகரும் கட்டுக்குள்ள இருக்கு. அந்தப் பழைய வாசனை இப்ப வீட்டுல இல்ல, ஆனா அது ஒரு குறையாவும் தெரியல.

போன மாசம் என் டெஸ்ட்ல சுகர் ஏறிடுச்சு. "எதையாவது ஒளிச்சு வெச்சுத் தின்னியா?"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். "இல்லவே இல்ல"ன்னேன்.

அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தா. நிமிந்துகூடப் பாக்கல.

"அவ இல்லன்னா இல்லதான் மாப்ள. எம்மக பொய் சொல்ல மாட்டா."

உண்மை என்னன்னா... ரெண்டு வாரமா ஆபீஸ்ல சாயங்காலக் காப்பியை சீனி போட்டுத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

மறுநாளே நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் தொடல. அம்மா சொன்னது பொய்யாயிடக் கூடாதுல்ல.