வடக்கு ஜன்னலில் பார்த்த நீலம்

அந்த வருடங்களில் நான் எப்போதும் களைத்தே கிடந்தேன். காலையில் எறணாகுளத்தில் வகுப்பு. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, சோபாத் துணி இவற்றுக்கு டிசைன் போடச் சொல்லித்தருவேன். மதியம் படகைப் பிடித்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பினால், பழைய மிளகுக் கிடங்கொன்றில் நடந்த துணி அச்சுக்கூடத்தில் அதே வேலையைக் கைப்படச் செய்ய வேண்டும். சொல்லிக்கொடுப்பவளுக்குச் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு. எழுபதுகளின் கடைசி அது. வீம்பு குறையவில்லை, இடுப்புதான் போயிற்று.

வகுப்பில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. நிறம் தீட்டிய தாள்களை வடக்கு ஜன்னலோரம் வைத்துத்தான் பார்ப்பேன். அங்கே வெயில் நேராக விழாது, நிறம் பொய் சொல்லாது என்று எனக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். நானும் அதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

அந்த வருடக் கடைசிப் பரீட்சைக்குப் புதிதாகக் கேள்வி யோசிக்கக்கூடத் தெம்பில்லை. கையில் ஒரு ஓட்டல் வேலை இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் சுவர்களை மூடத் திரைச்சீலை. அதற்காக நான் வரைந்த இலைக்கொடியைப் பிரதி எடுத்து வகுப்பில் கொடுத்து, வீட்டில் வைத்து நிறம் தீட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பம்; 'இல்லையா'வுக்கு 'அல்லே', 'தெரிஞ்சுதா'வுக்கு 'கேட்டோ' என்று பேச்சில் மலையாளம் கலக்கும். அப்பாவுக்கு முனிசிபாலிட்டி வேலை. மதியத்திலிருந்து இருட்டும்வரை அவள் ஒரு தையல் கடையில் தலையணை உறை தைப்பாள். பாஸாகிவிட்டால் எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் ஒரு திரைச்சீலைக் கடையில், வருகிறவர்களுக்குத் துணி தேர்ந்து கொடுக்கும் வேலை அவளுக்கு உறுதி. தையல் மிஷினைவிட்டு எழுந்துவிடலாம். அதை என்னிடம் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

அவள் தாளை ஜன்னலில் வைத்தேன். கண்ணைக் குத்தும் நீலம்.

"ராத்திரி பல்பு வெளிச்சத்துல போட்டது டீச்சர். அப்போ நல்லா இருந்துச்சு."

"பல்புல கலர் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எங்க வீட்ல பகல்லயும் பல்புதான் டீச்சர்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஃபெயில் போட்டுப் பரீட்சைத் தாள் கட்டுக்குள் சொருகிவிட்டேன்.

அடுத்த வாரம் ஓட்டலில் என் திரைச்சீலைகளைத் தொங்கவிட்டார்கள். ஜன்னலே இல்லாத கூடம்; நடுப்பகலிலும் மஞ்சள் பல்புகள். ஜன்னலோரம் பார்த்துப் பார்த்து நான் குழைத்த மென்னீலம் அங்கே அழுக்குப் பச்சையாக நின்றது. பாத்திரம் கழுவின தண்ணீர் நிறம் என்று முதலாளி மலையாளத்தில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அளவெடுக்க அந்தக் கூடத்துக்கு இரண்டு தடவை போனவள் நான். ஒரு தடவைகூடத் தலை நிமிர்ந்து அந்தப் பல்புகளைப் பார்த்ததில்லை.

அச்சுக்கூடத்துக்கு வந்து, அங்கே கொண்டுவந்து வைத்திருந்த பரீட்சைக் கட்டுக்குள்ளிருந்து அவள் தாளை உருவி ஒரு பல்பின் கீழே பிடித்தேன். நீலம் அமைதியாக, அழகாக இருந்தது. அதையே அச்சடிக்கக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஓட்டல்காரருக்குப் பரம திருப்தி. என் கைவண்ணம் என்று புகழ்ந்தார்; நானும் கேட்டுக்கொண்டேன்.

மிச்சத் திரைச்சீலைகளுக்கான துணி கிடங்கில் காய்ந்துகொண்டிருந்தபோது, தன் தாளைத் திரும்ப வாங்க அவள் வந்தாள். கொடியருகே நின்றுவிட்டாள்.

"இது என்னோட கலர் அல்லே டீச்சர்?"

"ஆமா."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ எனக்குப் பாஸ் போடுவீங்களா?"

மறுநாள் ஆபீசில், மதிப்பெண்ணை மாற்றுவதானால் காரணம் எழுதித் தர வேண்டும் என்று கிளார்க் ஒரு தாளை நீட்டினார். அவள் தீட்டியது சரி, நான் பார்த்த விதம் தப்பு. எழுத வேண்டியது அவ்வளவுதான். மற்ற டீச்சர்கள் அதைப் படிப்பார்கள், சிரிப்பார்கள். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'கூட்டலில் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் பாஸானாள், பிராட்வே வேலையும் கிடைத்தது. சொல்லிக்கொண்டு போக வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"கூட்டல்லதான் தப்பாயிடுச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க டீச்சர்."

"ஆமா," என்றேன். வெட்கத்தில் முகம் சுட்டது.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வது போல, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அந்தத் துணி விஷயம் நான் யார்கிட்டயும் சொல்லலை, கேட்டோ டீச்சர்."