ஃபிளாண்டர்ஸ்காரன்

தோஹா சைட் ஆபீஸில் வரைபடம் போடும் பாலமுரளியை மற்றவர்கள் ‘மதராசி’ என்று கூப்பிட்டால் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனால் டீ கொண்டுவருகிறவரை மூன்று வருடமாக அவனும், “ஏ பெங்காலி, ஏக் சாய்!” என்றுதான் அழைத்துவந்தான்.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, ஸ்காட்லாந்துக்காரரான மேனேஜர் ஃபிளெமிங்கிடம் அவருடைய குடும்பப் பெயருக்கு அர்த்தம் கேட்டான்.

“ஃபிளாண்டர்ஸ்காரன், அவ்வளவுதான். பெல்ஜியம் பக்கத்துச் சீமை அது. எங்கள் மூதாதை யாரோ கடல் தாண்டிப் பிழைக்க வந்திருக்கிறான். ஊர்க்காரர்கள் பெயரா கேட்டார்கள்? வந்த சீமையைச் சொல்லியே கூப்பிட்டுவிட்டார்கள். அவன் சொந்தப் பெயர் இன்று எங்களுக்கே தெரியாது!” என்று சிரித்தார்.

பாலமுரளிக்குச் சிரிப்பு வரவில்லை. வாயிலிருந்த டீ கசந்தது. கோப்பைகளை எடுக்க வந்தவரை நிமிர்ந்து பார்க்கக் கூசியபடி, “பாய், ஆப்கா நாம் க்யா ஹை?” என்று பெயரைக் கேட்டான்.

அவர் தட்டைச் சட்டென்று மேஜையில் வைத்தார். “கம்ப்ளெயின்ட், சார்?”

புகார் எழுதத்தான் இந்த ஆபீஸில் அவர் பெயரை யாரும் கேட்டிருக்கிறார்கள் போலும்.

“மாஃபி கம்ப்ளெயின்ட், பாய்! புகாரெல்லாம் இல்லை, சும்மாதான்...”

அவர் நம்பவில்லை. கும்பிடாத குறையாக நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் பாலமுரளி எழுந்து நின்று, முதலில் தன் பெயரைச் சொன்னான்.