முப்பதாம் பக்கத்துப் பென்சில்

எங்கள் அண்ணிக்கு அச்சகத்தில் 'முப்பது' என்று பட்டப்பெயர். வயதைச் சொல்லவில்லை, அது எப்போதோ தாண்டியாயிற்று. எந்த மர்ம நாவலைக் கொடுத்தாலும் முப்பதாம் பக்கத்துக்குள் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பிழை திருத்துகிற வேலை, எனக்குப் பக்கத்து மேஜையில் டைப் அடிக்கிற வேலை. வீட்டிலும் அவள், வேலையிலும் அவள். என் பாடு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"தோட்டக்காரன் முறைச்சுப் பார்க்கிறானாம். அவன் பாவம்டி, ஒண்ணும் தெரியாதவன். கண்ணாடியத் துடைச்சுக்கிட்டு நல்லவர் மாதிரி உக்காந்திருக்காரே வக்கீல், அவர்தான்," என்பாள். சொன்னதோடு விடமாட்டாள். முதல் புரூஃபில் முப்பதாம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைப்பாள். நாவல் முடிந்ததும் அந்தத் தாளை எல்லார் மூக்குக்கு நேராகவும் நீட்டுவாள். அப்பப்பா, அந்தப் பெருமை தாங்காது.

எங்கள் அச்சகத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. மாத நாவலின் கடைசிப் பதினாறு பக்கம் புத்தகத்தோடு வராது. வாசகர்கள் குற்றவாளியை யூகித்து அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும். பத்து நாள் கழித்துத்தான் முடிவு தனியாக வெளிவரும். அதுவரை அந்தப் பக்கங்கள் பைண்டரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும், சாவி அவர் இடுப்பில். அண்ணியே அதை முதலாளி அறையில், அவர் கண்ணெதிரே உட்கார்ந்துதான் திருத்த வேண்டும்.

சரியான விடை மாதத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம். அந்த மாதம் இரண்டே நாளில் தொண்ணூறு அட்டை. தொண்ணூறிலும் 'டாக்டரின் தங்கை' என்றே இருந்தது. எல்லாவற்றிலும் எங்கள் பகுதித் தபால் முத்திரை.

எழுத்தாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என் முடிவ யாராலயும் யூகிக்க முடியாது சார். இது திருட்டுத்தான்!"

முதலாளி அண்ணியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா முப்பது. யாரு?"

அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சாவி யார்கிட்ட இருக்கு? பைண்டர்தான். தினமும் ஒரு பையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போறாரே, யாரையாவது தொட விடுறாரா? அதக் கவிழ்த்துப் பாருங்க."

பைண்டர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுகிற மனுஷர். பையை மேஜைமேல் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பா, துண்டு, துணியில் சுற்றிய உடைந்த பல்செட்டு. அதனால்தான் மனுஷர் வாயே திறப்பதில்லை. மெஷின்காரர் சிரித்தே விட்டார். பைண்டர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்தார்.

"நாளையிலேர்ந்து வராதீங்க," என்றார் முதலாளி. பைண்டர் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். "ரொம்ப சுலபமா இருக்குடி," என்றாள். "சாவி வச்சிருக்கறவனே திருடினான்னு எவனாவது எழுதினா நானே தூக்கிப் போட்டிருப்பேன்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன அண்ணி? அவருக்கு வேலை போச்சு. அந்த ஒருத்தரை நம்பி வீட்டுல அஞ்சு பேர்," என்று வெடுக்கென்று சொன்னேன். சொல்ல எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? அன்று நானும் வாயை மூடிக்கொண்டுதானே நின்றேன்.

நாலாம் நாள் அண்ணன் சட்டையை வாங்கத் தையல்கடைக்குப் போனேன். வேலை முடிந்த புரூஃப் தாள்களை அண்ணி அங்கேதான் கொடுப்பாள். கடைக்காரர் அதில் அளவு வெட்டி வைத்துக்கொள்வார். முப்பதாம் பக்கத்தை மட்டும் அவள் உருவிக்கொள்வது வழக்கம், இந்த மாதம் மறந்திருக்கிறாள். சட்டைக்கை அளவில் வெட்டிய ஒரு தாள் ஆணியில் தொங்கியது. ஓரத்தில் பென்சில் எழுத்து: 'டாக்டரின் தங்கைதான்.'

"உங்க அண்ணி எழுதினா தப்புமா?" என்று தையல்காரர் சிரித்தார். "கடைக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நானே மூணு அட்டை போட்டேன்."

தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அதைப் பார்த்ததும் அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் எதையும் திருடவில்லை. அவள் யூகித்தது சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

"கடைசியில நான்தானாடி?" என்றாள்.

எழுந்து நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னாள். எழுத்தாளரும் அங்கே இருந்தார். "முப்பதாம் பக்கத்திலேயேவா?" என்று கேட்டவருக்கு முகம் தொங்கிப்போனது. "திருட்டுன்னே இருந்துட்டுப் போகட்டுமே சார்," என்று முனகினார். அண்ணி முறைத்த முறைப்பில் கப்சிப்.

பைண்டர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அண்ணி வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். "தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க அண்ணா."

அவர் துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். "அந்தத் தாளை நானும் தையல்கடையில பார்த்தேன்மா. அட்டைங்க வந்த அன்னிக்கே புரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான்தான்னு நீங்க ஆரம்பத்திலேயே முடிவு பண்ணிட்டீங்க. மீதிய யாரு படிக்கப் போறாங்க?"

மறுநாள் வேலைக்கு வந்தார். முதலாளியே சாவியைக் கையில் கொடுத்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. சாயங்காலம் கிளம்பும்போது பைண்டர் நேராக அண்ணி மேஜைக்கு வந்தார், பையைத் திறந்தார்.

"ஐயோ, வேண்டாம் அண்ணா!"

அவர் டப்பாவை எடுத்து வைத்தார். துண்டை உதறினார். துணிச் சுற்றைப் பிரித்துக் காட்டினார். எல்லாவற்றையும் மறுபடி உள்ளே வைத்துக்கொண்டு போனார்.

ஐந்து மாதமாயிற்று, ஒருநாள் தவறவில்லை. மணி ஐந்தை நெருங்கினாலே அண்ணிக்குக் கை ஓடாது. அழுதும் பார்த்தாள், சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பியும் பார்த்தாள். அவர் வாசலில் காத்திருந்தார்.

போன வாரம் புதுப் பல் கட்டிக்கொண்டு வந்தார். மெஷின்காரரிடம் வாய் நிறையப் பேசுகிறார், என்னிடம்கூட அண்ணன் சௌக்கியமா என்று விசாரித்தார். சாயங்காலம் அண்ணி மேஜைக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு பையைத் திறந்தார்.