இன்னைக்கி வேணாம்

துரையின் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்த தட்டைப் பொன்னையா உடனே கழுவமாட்டார். குசினி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முட்டை தொடாமல் கிடந்தால், கொழும்புக் கம்பெனிக்காரர்கள் துரையை ஏசி எழுதியிருக்கிறார்கள். ரொட்டியின் ஓரத்தை மட்டும் கடித்து வைத்திருந்தால், சீமைக் கப்பல் வந்தும் துரைசாணியின் கடிதம் வரவில்லை. பிறகு பின்கதவைத் திறந்து, அங்கே காத்து நிற்பவர்களிடம் தீர்ப்புச் சொல்வார்: "இன்னைக்கி வேணாம். நாளைக்கி வாங்க."

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் பதினெட்டு வருஷமாக அவர்தான் சமையல். லீவு கேட்பவர்கள், லயத்துக் கூரை ஒழுகுகிறது என்பவர்கள், எல்லோரும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். "தொரைக்கு மனசு சரியில்லாதப்ப கேட்டா, பேர வெட்டி அன்னைக்கிக் கூலிய இல்லாம ஆக்கிப்புடுவாரு" என்பார். பொய்யில்லை. பெண்சாதி கடிதம் போடாத ஏக்கத்தைத் துரை வாய்விட்டுச் சொல்லமாட்டார். கொழுந்தில் காம்பு கிடக்கிறது என்று நாலு பேருக்கு அரைப்பேர் போட்டு, பாதிக் கூலியைப் பிடித்துக்கொள்வார். சீமையில் ஓர் அம்மாளுக்குப் பேனா எடுக்க மனமில்லை என்றால் இங்கே நாலு குடும்பம் அரைப்பட்டினி! இது எந்த ஊர் நியாயம்? நினைத்தால் பொன்னையாவுக்கும் வயிறு எரியும். அந்த எரிச்சலைச் சட்டிகளிடம் காட்டுவார். மேசைக்குப் போகும்போது அவர் கால் சத்தம்கூடக் கேட்காது.

தேயிலை விலை விழுந்து, ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த வருஷம் அது. கொழுந்து பறிக்கும் வீரம்மா நாலாவது நாளாக வந்து நின்றாள். பிள்ளை பெற்ற அவள் மகள் கண்டி ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள். துரையின் கையெழுத்து இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். கங்காணி எழுதித் தந்த லீவுக் காகிதம் அவள் கைவேர்வையில் நனைந்திருந்தது.

பொன்னையா தட்டைப் பார்த்தார். முட்டை இல்லை, ரொட்டியில் ஒரு துணுக்கு இல்லை.

"இன்னைக்கி வேணாம்."

வீரம்மா எட்டிப் பார்த்தாள். "தட்டு காலியாத்தானே இருக்கு அண்ணே! நாலு நாளா தொரைக்குக் கோவம், தொரைக்குக் கோவம்னீங்க. இன்னைக்கி என்னவாம்? பயம் ஒங்களுக்குத்தானே?"

"யாருக்குப் பயம்? எனக்கா? ஒங்க நல்லதுக்குச் சொன்னா..." பொன்னையா போட்ட சத்தத்தில் கொல்லைக் கோழிகள் சிதறி ஓடின.

அவள் அவர் கையையே பார்த்தாள். காலித் தட்டை அது கவிழ்த்து மறைத்திருந்தது. அடுத்தவன் மனதைத் தட்டில் படித்தே காலம் தள்ளிய மனிதருக்குத் தன் கை அன்றுதான் கண்ணில் பட்டது. இப்படி எத்தனை காலித் தட்டுகளைப் பார்த்துவிட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினோம் என்று எண்ணிப் பார்த்தார். அவர்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

உள்ளே தேநீருக்கு மணி அடித்தது. பொன்னையா தேநீர் கொண்டுபோகும் தட்டத்தில் கோப்பையை வைத்தார். சீனிக் கிண்ணத்தை எடுத்தவர் அதைத் திரும்ப வைத்துவிட்டு, வீரம்மாவின் காகிதத்தை வாங்கி, மடிப்பை நீவி, தட்டத்தில் கிண்ணம் இருக்கவேண்டிய இடத்தில் விரித்தார். பிறகு பலகைத் தரை அதிர உள்ளே நடந்தார்.