கடவாய்ப்பல்லில் ரப்பர் பால்

என் பல்லில் ரப்பர் பால் ஊற்றிவிட்டார்கள் என்று நான் நம்பினேன். வாயை மூடினால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒட்டிப்போய்விடும், பிறகு சாகும்வரை கஞ்சியை மூக்கால்தான் குடிக்க வேண்டும் என்றும் நம்பினேன். எனக்கு அப்போது எட்டு வயது. இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய வெறும் முட்டாளாக இருந்தால் போதாது, ரப்பர் வெட்டுகிறவரின் மகனாகவும் இருக்க வேண்டும்.

அப்பா பாறசாலைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் ரப்பர் வெட்டினார். காலையில் மரத்தைக் கீறி எடுத்த பாலைத் தட்டத்தில் ஊற்றி ஆசிட் கலப்பார். பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வரும்போது அது கெட்டியாக உறைந்து கிடக்கும். அதில் விரலை விட்டுப் பார்த்து நான் நிறைய அடி வாங்கியிருக்கிறேன். ஆகவே பாலும் ஆசிட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் அப்பாவுக்கு அடுத்த நிபுணன் நான்தான்.

அந்த வருடம் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர்கள் வந்தார்கள். கடவாய்ப்பல்லில் இருக்கும் பள்ளங்களை மருந்து பூசி அடைத்துவிட்டால் சொத்தை விழாதாம். இலவசம். வீட்டில் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கி வர வேண்டும்.

அம்மாவுக்குக் கடவாய்ப்பல் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே எல்லாம் சொத்தையாகிப் பிடுங்கியாயிற்று. மரச்சீனிக் கிழங்கை அணில் மாதிரி முன்பல்லால் கொறிப்பாள்; சிரித்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். எனக்கும் தங்கைக்குமான இரண்டு சீட்டிலும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். "மக்கா, நீ அண்ணனாக்கும். அவ அழுதா கையப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றாள்.

நாற்காலியில் முதலில் நான். "மோனே, வாய் துறக்கு" என்று டாக்டரம்மா பஞ்சைத் திணித்தார். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "ஆசிட்" என்று கையை நீட்டினார். அப்பா தட்டத்தில் கலக்கும் அதே ஆசிட். ஒரு துளி நாக்கில் பட்டுப் புளித்தது. கழுவினார்கள், உலர்த்தினார்கள். அப்புறம் ஒரு குச்சி நுனியில் வந்தது பால். வெள்ளையாக, கொழகொழவென்று, சந்தேகமே இல்லாத பால். அதன்மேல் ஒரு நீல வெளிச்சத்தை அடித்தார்கள். நாக்கால் தொட்டுப் பார்த்தேன். கெட்டி! அப்பாவுக்கு அரை நாள் ஆகிற வேலையை இவர்கள் என் வாய்க்குள் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

திறந்த வாயோடு வெளியே வந்தேன். வரிசையில் தங்கை நின்றாள். ஆறு வயது.

"அண்ணா, வலிச்சா?"

அவள் கையைப் பிடித்தேன். அதில் என்மேல் குறை சொல்ல முடியாது. பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியே ஓடினேன். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரைக்குள் ஒளிந்துகொண்டு, பாதி சைகையும் பாதி ஊளையுமாக விஷயத்தை விளக்கினேன்.

"அப்பம் நீ செத்துப்போவியா அண்ணா?" என்று கேட்டாள்.

அதுவரை அது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் அழுதோம். வாயை மூடாமல் அழுவது எவ்வளவு சிரமம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அம்மா எங்களைக் கண்டுபிடித்தபோது டாக்டர்கள் கிளம்பியிருந்தார்கள். என் வாயைப் பார்த்தாள். தங்கையின் வாயைப் பார்த்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, டாக்டர்கள் போன வேனைப் பிடிக்க உதியன்குளங்கரை சந்திப்புக்கு ஓடினாள். பின்னால் நான், வாயைப் பிளந்துகொண்டு.

"எலே, வாய மூடுலே, ஈ கேறும்" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த சாயக்கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா மூச்சு வாங்க வேனைப் பற்றிக் கேட்டாள்.

"அது போயாச்சு அக்கா. இப்பம் நெய்யாற்றின்கரை தாண்டியிருக்கும்."

அம்மா ரோட்டோரத்தில் நின்று அழுதாள். அத்தனை பேர் பார்க்க, வாயைப் பொத்த மறந்து அழுதாள். உள்ளே இருந்த வெறும் ஈறுகளை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பா என் மோவாயைப் பிடித்து அழுத்தி மூடினார். "கடிச்சுப் பாருலே. அது மருந்தாக்கும்." ஒன்றும் ஒட்டவில்லை. பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு தட்டு மரச்சீனி தின்றேன். அம்மா சாப்பிடவில்லை.

டாக்டர்கள் மறுபடி வரவில்லை. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். மழைக்கு வெட்டு நிற்கட்டும், போகலாம் என்றார் அப்பா. வெட்டு நின்ற மாதங்களில் பஸ்ஸுக்குக் காசில்லை. "சின்னப் பிள்ளைக்க பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள்.

தங்கைக்கு ஒன்பது வயதில் கீழ்க் கடவாய்ப்பற்கள் இரண்டும் சொத்தையாகின. கன்னம் வீங்கிக் கண் மூடிப்போனது. காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்தாள். கடைசியில் இரண்டையும் பிடுங்கினார்கள்.

அவற்றைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தாள். "ஓட்டுக்கு மேல எறி, புதுசு வரும்" என்று நான்தான் சொன்னேன். எறிந்தாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் என்முன் வந்து வாயைத் திறப்பாள்.

"அண்ணா, தெரியுதா?"

"வெள்ளையாட்டு என்னமோ தெரியுது."

பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையாகவே குனிந்து தேடினேன். ஆறு வயதில் வரும் கடவாய்ப்பல் விழுந்து முளைக்கிற பல் இல்லை, ஒரே ஒரு தடவைதான் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அவளுக்கு அந்தப் பற்கள் மறுபடி முளைக்கவில்லை.