மக்காச்சோளத்தைச் சுற்றிய ரயில்

மதுரைக்கும் கொச்சிக்கும் நடுவே அதிவேக ரயில் விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது நான் சிரித்துவிட்டேன். போடிக்கு இருந்த பழைய தண்டவாளத்தைப் பிடுங்கி, அகலப்பாதை போட்டு, ரயில் திரும்பி வருவதற்குள் எங்கள் தெருவில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டன. இந்த லட்சணத்தில் அதிவேகமாம்!

ஆனால் பேச்சோடு நிற்கவில்லை. தேவாரம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு அளவெடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை வரிசையாக ஊன்றிக்கொண்டே போனார்கள். ஒரு குச்சி என் கிணற்று மேட்டில் ஏறியது. கேட்டதற்கு, "சும்மா ஒரு அடையாளம்மா" என்றார்கள்.

அந்தக் கிணறு நாங்கள் மூன்று கோடை வெட்டியது. மலையில் ஏலத்தோட்ட வேலை இல்லாத நாளெல்லாம் என் வீட்டுக்காரர் உள்ளே இறங்கி வெட்டுவார், நான் மண்ணைத் தலையில் சுமந்து கொட்டுவேன். அதில் பிடித்த கழுத்துவலி இன்னும் விட்டபாடில்லை.

மறுவாரம் போய்ப் பார்த்தால், என் கிணற்று மேட்டுக் குச்சியைத் தவிர ஒன்றையும் காணோம். பக்கத்துத் தோட்டம் என் கொழுந்தனுடையது. அங்கே மக்காச்சோளத்தைச் சுற்றி சிவப்புத் துணிகள் ஜம்மென்று பறந்துகொண்டிருந்தன. காட்டுப்பன்றி வராமலிருக்க வேலியில் பழைய சேலை கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். காயப்போட்ட என் நல்ல சேலையையே ஒருமுறை உருவிக்கொண்டு போன ஆள் அவர்.

"என்ன தம்பி இது?"

"எவனோ கிறுக்குப்பய மதினி. பன்னிக்குக் கட்டுறவன் ஒரே நேரா நட்டு வச்சிருக்கான். பன்னி சுத்திக்கிட்டு வந்திராதா? அதான் நாலு பக்கமும் மறிச்சு நட்டுட்டேன். ஒங்க கெணத்துக்கு ஒண்ணு கெடக்கட்டும்னு விட்டேன்."

தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெரசா வாங்க மதினி, புடுங்கி அங்கனயே நட்டுருவோம்" என்று அவர் ஓடுவதற்குள் ஜீப்பு வந்து நின்றது.

இறங்கியவர் பெரிய அதிகாரி. எங்களைக் கேட்காமல், குச்சிகளைப் பார்த்தபடியே நடக்க ஆரம்பித்தார். ஒரு மூலையில் திரும்பினார், இன்னொரு மூலையில் திரும்பினார், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"ரயில் எதுக்குய்யா சோளத்தைச் சுத்துது?"

"பன்னிக்காக சார்" என்றார் கொழுந்தன், பயத்தில்.

அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன்.

"குச்சியைப் பிடுங்கினா ரயில் நின்னுடுமா? கோடெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. இப்போதைக்கு இந்தக் கிணத்து மேலதான் போகுது. நாளைக்கு மாறினாலும் மாறலாம்."

"இங்க நிக்குமா சார்?"

"நிக்காது."

"எங்க தோட்டத்தத் தாண்ட எம்புட்டு நேரமாகும்?"

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்" என்றார் பெருமையாக.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ண மூடித் தொறக்குற நேரத்துக்கு எங்க கெணறுதான் கெடச்சுச்சா சார்? நாங்க மூணு கோடை வெட்டுனது."

அவர் காலிச் செம்பை மறுபடி நீட்டினார். ஊற்றினேன்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. திட்டம் இருக்கிறதா, போய்விட்டதா என்று போடியில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்தக் குச்சி இன்னும் கிணற்று மேட்டில்தான் நிற்கிறது. முதலில் அதைப் பார்த்து ஒதுங்கிப்போன பன்றிகள் இப்போது அதில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போகின்றன. அந்தத் துணிக்குப் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான்.